நான்கு குழுக்களும் ஒரு செருப்புக் காவலும்

கலையகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, விளம்பரத்தை எந்த இடத்தில் செருகுவது என்பதையெல்லாம் சொல்லித்தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அது என் வேலை இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த மேசையில் இருக்கும் பொத்தான்களில் பாதி எதற்கு என்று ஓய்வு பெறும்வரை எனக்குத் தெரியாது. நான் சொல்ல வந்தது வேறு. நாளை நடக்கப் போவதை இன்றைக்கே, அத்தனை வீடுகளும் கேட்டுக்கொண்டிருக்க, வாய் திறந்து சொல்லவேண்டிய நேரம் உங்களுக்கும் வரும். அந்த நேரத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது இந்தத் தமிழ் வானொலியில், சனிக்கிழமை மத்தியானம் விளையாட்டு நிகழ்ச்சியில் கால் மணி நேரம் என்னுடையது. அதில் ரக்பி. எங்கள் ஆட்கள் கிரிக்கெட்டுக்கு உயிரை விடுவார்கள், உதைபந்தாட்டத்துக்குச் சண்டை பிடிப்பார்கள், ரக்பி என்றால் "அந்த முட்டைப் பந்தோ?" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பிறகு ஏன் எனக்கு இந்த ஆசை என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் என் முதுகு.

லண்டனுக்கு வந்த காலத்தில் மேற்குப் பக்கத்தில் ஒரு ரக்பி மைதானத்தில் வார இறுதி வேலை கிடைத்தது. மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு எல்லைக்கோட்டில் நின்று கூட்டத்தைக் கவனிக்கவேண்டும். ஸ்டூவர்ட் என்பார்கள். அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு: முகம் கூட்டத்தின் பக்கம், முதுகு ஆட்டத்தின் பக்கம். திரும்பிப் பார்த்தால் மேற்பார்வையாளர் விசில் அடிப்பார். ஆக, வருடக்கணக்காக ரக்பி என் முதுகுக்குப் பின்னால்தான் நடந்தது. தடால் என்று சத்தம் கேட்கும். யார் யாரை இடித்தார்கள் என்று தெரியாது.

முதல் வரிசையில் ஒரு வேல்ஸ்காரப் பெண்மணி வழக்கமாக வந்து உட்காருவார். கையில் பிளாஸ்க், மடியில் போர்வை. அவருடைய பெயரை நான் கேட்கவில்லை, அவரும் என்னுடையதைக் கேட்கவில்லை. ஒரு நாள் நான் ஏக்கத்தோடு கழுத்தைத் திருப்புவதைக் கண்டுவிட்டுச் சொன்னார்: "ஆட்டம் எங்கள் முகத்தில்தான் நடக்கிறது, அங்கே புல்லில் அதன் சத்தம் மட்டும்தான்." அன்றிலிருந்து நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்தேன். கையால் வாயைப் பொத்தினால் எதிரணி கோட்டை நெருங்குகிறது. போர்வையை மடிக்கத் தொடங்கினால் எங்கள் கதை முடிந்தது. பிரெஞ்சு ரசிகர்கள் வந்தால் இன்னொரு பாடம். கழகம் வெல்ல வந்திருக்கும் நாளில் அவர்கள் பாட்டோடு வருவார்கள். நல்ல ஆட்டக்காரர்களை ஊரில் விட்டுவிட்டுச் சும்மா வந்திருக்கும் நாளில் கடைப் பைகளோடு வருவார்கள்.

இதுதான் என் படிப்பு. இதைத் தவிர வேறு சான்றிதழ் என்னிடம் இல்லை.

வானொலிக்கு நான் வந்தது கிரிக்கெட் புள்ளி வாசிக்க. ரக்பியை நானாகத்தான் மெல்ல நுழைத்தேன். கொஞ்சக் காலம் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒரு நவம்பர் மாதம் நிலையப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். என்னைவிட வயது குறைந்தவர், கெட்டிக்காரி, மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாதவர்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கட ரக்பிக்கு ஒரு ரெலிபோன் கோல் வருகுதில்லை. சாறிக்கடைக்காரர் தன்ரை சேலை விளம்பரத்துக்கு அந்தக் கால் மணித்தியாலத்தைக் கேக்கிறார்."

"குடுக்கப் போறியளோ, பிள்ளை?"

"ஜனவரி முடியிற வரைக்கும் பாப்பம். அதுக்குள்ளை நாலு சனம் கோல் எடுத்துக் கதைச்சால் வைச்சிருப்பன். இல்லாட்டி சாறிதான்."

வீட்டுக்குப் போகும் ரயிலில் எனக்கு அந்த வேல்ஸ்காரப் பெண்மணியின் போர்வைதான் ஞாபகம் வந்தது. என் கதையையும் ஒருவர் மடிக்கத் தொடங்கிவிட்டார். அந்தக் கால் மணி நேரம் போனால் எனக்குச் சம்பளத்தில் குறையில்லை, கிரிக்கெட் இருக்கிறது. ஆனால் வாரம் முழுக்க நான் காத்திருப்பது அந்தக் கால் மணிக்குத்தான்.

நல்ல வேளையாக, டிசம்பரில் ஐரோப்பியக் கழகங்களின் பெரிய தொடர் தொடங்க இருந்தது. தென்னாப்பிரிக்கக் கழகங்களும் அதில் ஆடுகின்றன, அது எப்படி ஐரோப்பா என்று கேட்டவர்களுக்கு, "லண்டனிலை நாங்கள் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின்ரை பேரிலை கிரிக்கெட் போட்டி வைக்கிறேல்லையோ?" என்று பதில் சொல்லி வைத்திருந்தேன். தொடரில் நான்கு குழுக்கள், குழுவுக்கு ஆறு கழகங்கள். ஒரு கழகத்துக்கு டிசம்பரில் இரண்டு ஆட்டம், ஜனவரியில் இரண்டு ஆட்டம், அவ்வளவுதான். அந்த நாலு ஆட்டத்துக்குள் குழுவின் முதலிடம் தீர்மானமாகிவிடும். தடுக்கி விழுந்தால் எழும்ப நேரமில்லை. போட்டி வைப்பதற்கு இதைவிட நல்ல சாமான் எது? "நாலு குழுவிலும் முதலாவதாக யார் வருவார்கள், கோல் எடுத்துச் சொல்லுங்கள்" என்று அறிவித்தேன்.

முதல் சனிக்கிழமை வெகுநேரம் கோல் எதுவும் வரவில்லை. நான் பேசிக்கொண்டே இருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் பொறுப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒருவழியாகத் தொலைபேசி விளக்கு மினுங்கியது.

"வணக்கம் அண்ணே, ஹரோல இருந்து பேசறேன். பல் டாக்டர். மதுரைப் பக்கம்."

"வாங்கோ டாக்டர், சொல்லுங்கோ!"

"நான் கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் போட்டுப் பாத்திருக்கேன். நாலு பேரையும் சொல்லிடறேன். ஆனா முதல்ல நீங்க சொல்லுங்க. நீங்கதானே நிபுணர்?"

நிபுணர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பிழை விடப் பயம் வந்துவிட்டது. முதல் மூன்று குழுக்களை எப்படியோ சொன்னேன். டாக்டரும் அதே மூன்றைத்தான் வைத்திருந்தார். நாலாவது குழு கொடுமையான குழு. ஒரு பிரெஞ்சுக் கழகம், ஒரு அயர்லாந்துக் கழகம், இரண்டும் சரிக்குச் சரி. நான் வளைக்கத் தொடங்கினேன். பிரெஞ்சுக்காரரிடம் பலம் இருக்கிறது, ஆனால் வெளியூரில் சோர்ந்துவிடுவார்கள்; அயர்லாந்துக்காரருக்கு ஒழுங்கு இருக்கிறது, ஆனால் முன்வரிசையில் காயம்; மழை பெய்தால் ஒரு மாதிரி, பெய்யாவிட்டால் இன்னொரு மாதிரி... அடுத்த விளக்கு மினுங்கியது. தொழில்நுட்பப் பிள்ளை அந்தக் கோலையும் சேர்த்துவிட்டான்.

"தம்பி, நான் இங்கை எட்மண்டனிலை இருந்து கதைக்கிறன். எனக்கு ரக்பியும் தெரியாது ஒண்டும் தெரியாது. அடுப்பிலை புட்டு அவியுது. நீர் ஆரைச் சொல்லுறீர்? ஒரு பேரைச் சொல்லும், நான் போய்ப் புட்டை இறக்கவேணும்."

பிள்ளைகளே, எனக்குத் தெரிந்த மிகப் பெரிய தொழிற்பாடம் இதுதான். கேட்கிறவருக்கு அடுப்பில் ஏதோ இருக்கிறது. உங்கள் "ஒரு பக்கம்", "மறு பக்கம்" எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. காரணம் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் பெயர்.

"பிரெஞ்சுக் கழகம், அக்கா," என்றேன்.

"அப்ப எனக்கும் பிரெஞ்சு. டாக்டர் தம்பி, நீர்?"

"நான் அயர்லாந்து, அக்கா," என்றார் டாக்டர்.

"நல்லது. ரெண்டு பேரும் கேளுங்கோ. வாற ஆடி மாசம் எங்கட கோயில் தேர். தேரண்டைக்குச் செருப்புக் காவலுக்கு ஆள் கிடைக்கிறேல்லை. தோத்தவர் வந்து நிக்கவேணும். சம்மதமோ?"

கண்ணாடிக்கு அப்பால் பொறுப்பாளர் கட்டியிருந்த கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் டாக்டரும் சம்மதம் சொன்னோம். கோல் வைத்த பிறகுதான் புரிந்தது, அந்த அக்கா கோயில் தொண்டர் சபையில் இருப்பவர் என்று.

அதற்குப் பிறகு பாருங்கள் வேடிக்கையை. டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை விளக்குகள் எல்லாம் மினுங்கின. கோலியர்ஸ் வுட்டிலிருந்து ஒருவர், "நான் ஜேர்சியின்ரை நிறத்தைப் பாத்துத்தான் சொல்லுறன், அது பிழையோ?" என்றார். "பிழையில்லை, நிறத்தையாவது ஒழுங்காப் பாருங்கோ, அது போன வருசத்து ஜேர்சி," என்றேன். ஒரு தாய், மகன் நித்திரையால் எழும்பாததால் மகனுக்குப் பதிலாகத் தான் நான்கு பெயர்களைச் சொன்னார், நான்கும் ஒரே குழுவில் இருந்தன. நான் திருத்தவில்லை. "அம்மா, ஒரு குழுவிலை நாலு முதலிடம் வந்தால் நீங்கள்தான் வெற்றி," என்றேன். அவர் எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். சனங்கள் சொல்வதைக் கேட்கப் பிடிக்காவிட்டால் இந்த வேலைக்கு வராதீர்கள். வந்தால், அவர்கள் சொல்வதில் பிழை பிடிப்பதற்கு முதல் அதை ஒரு தரம் ரசியுங்கள்.

போட்டிக்கு நான் ஒரு விதி வைத்திருந்தேன். கடைசிச் சுற்றுக்கு முதல், நேயர்கள் ஒரே ஒரு குழுவில் தங்கள் சொல்லை மாற்றலாம். எனக்கும் டாக்டருக்கும் அந்தச் சலுகை இல்லை. நாங்கள் பந்தயம் கட்டியவர்கள்.

ஜனவரியில் கடைசிச் சுற்று வந்தது. மூன்று குழுக்களில் நாங்கள் இருவரும் சொன்னது சரியாகவே நின்றது. நாலாவது குழுவில் என் பிரெஞ்சுக் கழகம் முதலிடம், டாக்டரின் அயர்லாந்து ஒரு புள்ளி பின்னால். பிரெஞ்சுக்காரர் இங்கிலாந்து வந்து ஆடவேண்டும், வென்றால் முடிந்தது. நேயர்களில் பெரும்பகுதி என் பக்கம். நான் நடக்கவில்லை, மிதந்துகொண்டு திரிந்தேன்.

சனிக்கிழமை காலை, நிகழ்ச்சிக்குச் சற்று முன்னர், பிரெஞ்சுக் கழகத்தின் அணிப் பட்டியல் வந்தது. பெரிய பெயர் ஒன்றுகூட இல்லை. அடுத்த கிழமை உள்ளூர் லீக்கில் முக்கியமான ஆட்டம். அதற்காக எல்லோரையும் ஓய்வில் விட்டுவிட்டு இளம் பையன்களை அனுப்பியிருந்தார்கள். கடைப் பையோடு வரும் நாள்.

பட்டியலைப் பொறுப்பாளரிடம் காட்டினேன்.

"இதைச் சொல்லப் போறியளோ, அண்ணை?" என்றார்.

யோசித்துப் பாருங்கள். சொன்னால் சனங்கள் அயர்லாந்துக்கு மாறுவார்கள். நான் மாற ஏலாது. என் கழகத்தை நானே குழிக்குள் தள்ளி, அதற்குள் நான் மட்டும் நிற்கவேண்டும். சொல்லாவிட்டால், பிறகு என்னோடு சேர்ந்து எல்லோரும் தோற்பார்கள், கூட்டத்தோடு தோற்றால் அவ்வளவு வெட்கமில்லை. அதைவிட, ரக்பிக்கு ஒரு மாதமாகக் கிடைத்த மரியாதை, என் சொல் சரி வரும் என்ற நம்பிக்கையில் கிடைத்தது என்றுதான் அப்போது நினைத்தேன். என் வாக்கு பிசகினால் சாறிக்கடை வந்துவிடும் என்று பயம். நிகழ்ச்சியின் இசை ஓடத் தொடங்கிவிட்டது.

நான் ஒன்றைத்தான் யோசித்தேன். அந்த வேல்ஸ்காரப் பெண்மணி நடப்பதை மறைத்து முகத்தை மாற்றி வைத்திருந்தால் நான் ரக்பியைப் படித்திருக்கவே மாட்டேன். இப்போது என் முகத்தைத்தான் இத்தனை வீடுகள் பார்க்கின்றன, வானொலி என்றாலும்.

"நேயர்களே, கேளுங்கோ," என்றேன். "நான் டிசம்பரிலை சொன்ன பேர் பிரெஞ்சுக் கழகம். அது என்ரை பந்தயம், அதிலை நிக்கிறன். ஆனா இண்டைக்குக் காலமை வந்த அணியைப் பாத்தால், அவை வெல்ல வரேல்லை. இண்டைக்கு என்னை ஆராவது கேட்டால் நான் அயர்லாந்து எண்டுதான் சொல்லுவன். மாத்திற ஆக்கள் இப்ப மாத்துங்கோ."

விளக்குகள் ஒன்றாய் எரிந்தன. முதல் கோல் டாக்டர்.

"அண்ணே, என்ன இப்படிப் பண்றீங்க? நீங்களும் மாத்திக்குங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ஏலாது டாக்டர். செருப்புக் காவலுக்கு நான் வாறன்."

பிறகு வந்தவர்கள் எல்லோரும் மாறினார்கள். "அண்ணை, கவலையாத்தான் இருக்கு, ஆனா மாறுறன்," என்று ஒருவர். "உங்களை விட்டிட்டுப் போறம் எண்டு நினைக்காதேங்கோ," என்று இன்னொருவர், விட்டுவிட்டுப் போனார். நிகழ்ச்சி முடியும் நேரம் எட்மண்டன் அக்கா வந்தார்.

"அக்கா, நீங்களும் மாத்துங்கோ."

"நான் மாத்தேல்லை. நீர் உண்மையைச் சொன்னீர், அது காணும். பிரெஞ்சுப் பெடியளும் ஆற்றையோ பிள்ளையள்தானே, விளையாடட்டும்."

அன்று பின்னேரம் அந்தப் பையன்கள் விளையாடினார்கள், ஐயோ, எப்படி விளையாடினார்கள்! கடைசி நிமிடம் வரை விடவில்லை. இருந்தும் மயிரிழையில் தோற்றார்கள். நெருக்கமாகத் தோற்றதற்கு ஒரு ஆறுதல் புள்ளி கிடைத்தது, முதலிடத்தைக் காக்க அது காணாது. ஞாயிற்றுக்கிழமை அயர்லாந்து வென்றால் டாக்டர் வெற்றி.

இங்கேதான் இருவரும் மறந்துபோன ஒரு சங்கதி வருகிறது. அதே குழுவில், அயர்லாந்துக்கும் ஒரு புள்ளி பின்னால், ஒரு ஸ்காட்லாந்துக் கழகம் சத்தமில்லாமல் இருந்தது. ஒரு நேயர்கூட அதன் பெயரைச் சொல்லவில்லை. டாக்டரின் கம்ப்யூட்டரும் சொல்லவில்லை. ஞாயிறு முதல் ஆட்டத்தில் அவர்கள் எதிரணியை மாவாக அரைத்து, கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைத்து, ட்ரைக்கு மேல் ட்ரையாகக் குவித்து, போனஸ் புள்ளியையும் அள்ளிக்கொண்டு குழுவின் உச்சிக்குப் போய்விட்டார்கள். இப்போது அயர்லாந்துக்கு வெறும் வெற்றி காணாது. நான்கு ட்ரை வைத்து அந்தப் போனஸ் புள்ளியையும் எடுக்கவேண்டும். புள்ளி சமமானால் மொத்தக் கணக்கில் ஸ்காட்லாந்து மேலே.

ஆட்டம் முடியும் தறுவாயில் அயர்லாந்து முன்னணியில்தான் இருந்தது. மூன்று ட்ரை வைத்தாகிவிட்டது. கடைசி முறையாகப் பந்தோடு கோட்டை நோக்கித் தள்ளினார்கள். என் தொலைபேசி அடித்தது.

"அண்ணே, பாக்கறீங்களா?"

"பாக்கிறன், பாக்கிறன், போனை வையாதேங்கோ!"

"கோட்டைத் தாண்டிட்டான்! வச்சுட்டான்! அண்ணே, வச்சுட்டானா?"

கோட்டைத் தாண்டினான், உண்மை. ஆனால் பந்துக்கும் புல்லுக்கும் நடுவில் எவனோ ஒருவன் கையைக் கொடுத்துவிட்டான். பந்து நிலத்தைத் தொடவில்லை. நடுவர் விசில் ஊதினார். ஆட்டம் முடிந்தது. அயர்லாந்து வென்று, குழுவைத் தோற்றது.

பிறகு டாக்டர் கேட்டார்:

"அண்ணே, இந்த ஸ்காட்லாந்துக்காரங்க எங்க இருந்து வந்தாங்க?"

"ஸ்காட்லாந்திலை இருந்துதான், டாக்டர்."

அவர் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துவிட்டேன். வீட்டுக்காரி வந்து, "வெண்டிட்டியளோ?" என்று கேட்டாள். "ரெண்டு பேரும் தோத்திட்டம்!" என்றேன். தோற்றவனுக்கு இவ்வளவு சந்தோசமா என்று ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை நான் எதையும் பூசி மெழுகவில்லை. "பிழைச்சுப் போச்சு, ஸ்காட்லாந்தை நான் பாக்கவேயில்லை," என்று தொடங்கினேன். திட்டுவதற்கு வருவார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள்தான், ஆனால் திட்டிய ஒவ்வொருவரும் அடுத்த சுற்றில் யார் என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்கள். பொறுப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை. சாறிக்கடை பற்றியும் பேச்சில்லை. ஜனவரி முடிந்தது, மாசி முடிந்தது, கால் மணி நேரம் என்னிடம்தான் இருந்தது. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

தேர் அன்று நல்ல வெயில். கோயில் வாசலில் பெரிய தறப்பாள் பாயை விரித்து, இலக்கத் துண்டுகளோடு நானும் பல் டாக்டரும் நின்றோம். அன்றுதான் ஒருவரை ஒருவர் நேரில் கண்டோம். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்த அவருக்குச் செருப்புகளைச் சோடி பார்த்து அடுக்குவதில் ஒரு பல் வரிசைப் பார்வை இருந்தது. எட்மண்டன் அக்கா எங்களைச் சுற்றி நடந்து மேற்பார்வை பார்த்தார். வந்தவர்கள் எல்லாம் செருப்பைத் தந்துவிட்டு ஒரு சொல்லும் தந்துவிட்டுப் போனார்கள். "அண்ணை, இதையாவது சரியாச் சொல்லுவியளோ, என்ரை செருப்பு எது?" "டாக்டர், கம்ப்யூட்டரிலை போட்டுப் பாருங்கோ!"

பறை முழங்கியது. "அரோகரா" என்று ஒரு இரைச்சல் எழும்பியது. தேர் எங்களுக்குப் பின்னால் வீதியில் புறப்பட்டுவிட்டது. நாங்கள் செருப்பை விட்டு நகர ஏலாது. முகம் கூட்டத்தின் பக்கம், முதுகு தேரின் பக்கம்.

"அண்ணே, தேர் எங்க வந்திருக்கு? ஒரு தடவை திரும்பிப் பாத்துக்கறேனே?"

"திரும்பாதேங்கோ டாக்டர். முன்னாலை நிக்கிற சனத்தைப் பாருங்கோ."

கைகள் மெல்ல மேலே போயின. ஒரு கிழவர் கண்ணை மூடினார். தகப்பனின் தோளில் இருந்த குழந்தை வாயைப் பிளந்து அண்ணாந்தது, பிறகு அதன் பார்வை இடமிருந்து வலமாக நகர்ந்தது. "இப்ப எங்களுக்கு நேரை பின்னாலை," என்றேன். அந்த நொடியே எங்கள் முதுகில் தேரின் நிழல் விழுந்து கடந்து போனது. டாக்டர் கையில் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றார்.

சனம் திரும்பி வரத் தொடங்கியபோது பொறுப்பாளர் வந்து இலக்கத் துண்டை நீட்டினார். சிவப்புச் செருப்பு, எடுத்துக் கொடுத்தேன். காலில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அண்ணை, டிசம்பரிலை அரை மணித்தியாலம் எடுங்கோ. சாறிக்கடைக்காரர் உங்கட நேரத்துக்கு விளம்பரம் தாறாராம். அவரும் ஸ்காட்லாந்தாலை தோத்தவராம்."

நான் பதில் சொல்வதற்குள் எட்மண்டன் அக்கா எங்கள் இருவருக்கும் மோர் கொண்டு வந்து நீட்டினார்.

"தம்பி, வாற வருசம் ஆர்?"

குழுக்கள்கூட இன்னும் பிரிக்கப்படவில்லை. யார் யாரோடு, எந்த ஊரில் என்று ஒன்றும் தெரியாது. இருந்தாலும் அக்காவுக்குக் கையில் இன்னும் பத்து மோர்க் கோப்பைகள் இருந்தன, காத்திருக்க நேரமில்லை. ஒரு கழகத்தின் பெயரைச் சொன்னேன்.

"நிச்சயமோ?"

"இல்லை அக்கா. ஆனா அதுதான் பேர்."